ஏற்றத்தில் திணறும் இ-எம்டிபி: புது பேட்டரியா, செல் மாற்றமா, சின்னப் பழுதா?

பெங்களூரை அடுத்த நந்தி மலை ஏற்றம் பாதி தாண்டியிருக்கும். மூன்று கட்டை காட்டிக்கொண்டிருந்த டிஸ்ப்ளே சட்டென்று ஒரு கட்டைக்கு விழும், மோட்டார் நின்றுவிடும். காலை ஊன்றி ஒரு நிமிடம் நின்றால் மறுபடியும் மூன்று கட்டை. சில வருடம் ஓடிய மின் மலை சைக்கிள்களில் (இ-எம்டிபி) இது சகஜமான கோளாறு. கடையில் காட்டினால் வரும் பதிலும் சகஜமானதுதான்: "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுருங்க."

போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். வண்டியின் வயதைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது. மோட்டார் நன்றாக இழுக்கும் நேரத்தில் பேட்டரியின் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்த பிறகே புது பேக் (முழு பேட்டரி), செல் மாற்றம், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் பலகை) மாற்றம், அல்லது வெறும் கனெக்டர் சுத்தம் என்று தேர்வு செய்யலாம். எஸ்பி ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் இதற்குப் போதும்.

கீழே வரும் எண்கள் 36 வோல்ட் பேக்குக்கானவை. நம் ஊரில் விற்கும் 250 வாட் ஹப் மோட்டார் (சக்கரத்தின் மையத்தில் இருக்கும் மோட்டார்) வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அதற்குள் பத்து செல் குழுக்கள் தொடராக நிற்கும். முழு சார்ஜில் 42 வோல்ட், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் கைவிடுவது ஏறக்குறைய 31 வோல்ட்டில். உங்களுடையது 48 வோல்ட் என்றால் குழுக்கள் பதின்மூன்று, முழு சார்ஜ் 54.6 வோல்ட். இங்கே சொல்லும் வோல்ட் அளவுகளை 1.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதலில், பேட்டரிதானா?

வண்டி எப்படி நிற்கிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

டிஸ்ப்ளே எரிந்தபடியே இருக்கிறது, கட்டைகள் மட்டும் சரிந்து மோட்டார் நிற்கிறது என்றால் சுமையில் வோல்ட் தாழ்ந்து கன்ட்ரோலர் வெட்டுகிறது. டிஸ்ப்ளேயே அணைந்து, சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வருகிறது என்றால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் வெட்டியிருக்கிறது. ஏதோ ஒரு குழு அடிமட்டத்துக்குப் போயிருக்கும். மேடு பள்ளத்தில் குதிக்கும்போது கண் சிமிட்டும் நேரம் அணைந்து வருகிறது என்றால் பேட்டரி உட்காரும் தொட்டியின் பிளேடுகளைப் பாருங்கள். கருகியோ தளர்ந்தோ இருக்கும். அவலஹள்ளி, துரஹள்ளிக் காட்டுப் பக்கம் கல்லிலும் வேரிலும் ஓட்டுபவர்களுக்கு இது சாலை ஓட்டிகளைவிட அதிகம் வரும். இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள பேக் தொட்டிக்குள் ஆடிக்கொண்டே வந்தால் பிளேடு தேயாமல் என்ன செய்யும்?

மழைக்குப் பிறகு, பேட்டரி நிறைய இருந்தும் மோட்டார் வரவே இல்லையென்றால் சந்தேகம் பிரேக் லீவரின் கட்-ஆஃப் சென்சார் மேல் விழ வேண்டும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பிரேக் சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, பெடலைச் சுற்றிப் பாருங்கள். மோட்டார் ஓடினால் குற்றவாளி அந்த சென்சார். சோதனை முடிந்ததும் திரும்ப மாட்டிவிடுங்கள், அது இல்லாமல் ஓட்டக் கூடாது. நீண்ட ஏற்றத்தில் பதினைந்து நிமிடம் போனதும் நின்று, பத்து நிமிடம் ஆறியதும் சரியாகிறது என்றால் சூடு. ஹப் மோட்டார் மெதுவாகச் சுழலும்போது மின்சாரத்தைச் சக்தியாக்குவதைவிட வெப்பமாக்குவதே அதிகம். செங்குத்தில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் அதை உருட்டிக்கொண்டிருந்தால் புது பேட்டரி போட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கும். கியரைக் குறைத்து, காலின் பங்கைக் கூட்டுவதுதான் வழி.

நிற்கவில்லை, தூரம் மட்டும் குறைந்துவிட்டது என்பவர்கள் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி டிஸ்க் பிரேக் உரசுகிறதா என்று கேளுங்கள். பிறகு டயர் காற்று. காட்டுப் பாதைக்கு வைத்த 25 பிஎஸ்ஐ-யோடு அவுட்டர் ரிங் ரோட்டில் ஓட்டினால் பேட்டரி வீணாகக் கரையும். தார் ரோட்டுக்கு 35 முதல் 40 வரை ஏற்றலாம், ஆனால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது.

அளப்பது எப்படி

முழுதாக சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி, ஒரு மணி நேரம் விட்டு அளந்தால் 41.5 முதல் 42 வோல்ட் இருக்க வேண்டும். சார்ஜரில் பச்சை விளக்கு வந்துவிட்டது, ஆனால் பேக்கில் 40.5 தான் இருக்கிறது என்றால் இரண்டில் ஒன்று. முதலில் சார்ஜரைத் தனியே அளந்து பாருங்கள். அது 42-க்குப் பதில் 41 கொடுத்துக்கொண்டிருக்கலாம். சார்ஜர் சரியென்றால், ஒரு குழு மற்றவற்றை முந்திக்கொண்டு நிறைந்து, பிஎம்எஸ் சார்ஜை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது.

அடுத்தது சுமைச் சோதனை. டிஸ்ப்ளே மெனுவில் வோல்ட் காட்டும் வசதி இருந்தால் ஓட்டும்போதே பார்த்துவிடலாம். இல்லாதவர்கள் ஜேசி ரோட்டில் ஆறு 12 வோல்ட் 55 வாட் ஹாலஜன் பல்பு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாகத் தொடரில் இணைத்து, அந்த இரண்டு சரங்களையும் பக்கவாட்டில் சேர்த்தால் 36 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஏற்றத்தில் மோட்டார் இழுப்பதற்குக் கிட்டத்தட்ட அதே சுமை. பல்புகள் கை வைக்க முடியாத அளவு கொதிக்கும், ஆகவே டைல்ஸ் தரையில் வையுங்கள். துணியோ பிளாஸ்டிக்கோ பக்கத்தில் வேண்டாம். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரமாக இருக்கட்டும், நடுவில் 15 ஆம்பியர் பியூஸ் ஒன்று அவசியம். சார்ஜ் போர்ட் வழியாகச் சுமை ஏற்றாதீர்கள். பல பேக்குகளில் அந்தப் பாதை சிறிய மின்னோட்டத்துக்கு மட்டும் போட்டது. மோட்டாருக்குப் போகும் முனையில் இணைக்க வேண்டும்.

சுமை இல்லாதபோது உள்ள வோல்ட்டையும், சுமை போட்டுப் பத்து விநாடி கழித்து உள்ள வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆம்பியரால் வகுத்தால் பேக்கின் உள்தடை. 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் பேக் பெரும்பாலும் 10எஸ்-4பி, அதாவது பத்து குழு தொடராக, குழுவுக்கு நான்கு செல் பக்கவாட்டில், மொத்தம் நாற்பது 18650 (உருளை வடிவ) செல்கள். ஆரோக்கியமான செல்களோடு இதன் உள்தடை 0.12 ஓம் சுற்றி வரும், 9 ஆம்பியரில் ஒரு வோல்ட் இறங்கும். இரண்டு வோல்ட் வரை இறங்கினால் வயதாகிவிட்டது, ஆனாலும் ஓடும். மூன்று வோல்ட் இறங்கினால் சின்ன வைத்தியம் எதுவும் பலிக்காது. காரணம் எளிது. மோட்டார் உச்சத்தில் 14 ஆம்பியர் கேட்கும்போது அந்த மூன்று ஏறக்குறைய நாலரை ஆகிவிடும். ஓய்வில் 35.5 வோல்ட் காட்டும் பேட்டரி, அதாவது இன்னும் கால் பங்குக்கு மேல் சார்ஜ் இருக்கும் பேட்டரி, ஏற்றத்தில் 31-ஐத் தொட்டு நின்றுவிடும். நந்தியில் நடப்பது இதுதான்.

அதே பல்புச் சுமையை முழு சார்ஜிலிருந்து 31 வோல்ட் வரை ஓடவிட்டு நேரம் பார்த்தால் உண்மையான கொள்ளளவும் தெரியும். 10 ஆம்பியர்-அவர் பேக் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டும். நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தால் கொள்ளளவு மூன்றில் இரண்டு பங்குக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஆள் இல்லாமல் இந்தச் சோதனையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மூன்றாவது அளவுக்குப் பேட்டரிப் பெட்டியைத் திறக்க வேண்டும். உத்தரவாதம் மீதமிருந்தால் இந்தப் படியில் கை வைக்கவே கூடாது, நேரே கம்பெனியிடம் போங்கள். திறக்கலாம் என்றால் மோதிரம், கைக்கடிகாரம், கையில் உள்ள காப்பு எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பிஎம்எஸ்ஸில் செருகியிருக்கும் பதினோரு மெல்லிய ஒயர்கள் பத்து குழுக்களின் வோல்ட்டைக் கொண்டுவருபவை. அடுத்தடுத்த ஒயர்களுக்கு நடுவே அளந்தால் ஒவ்வொரு குழுவும் தெரியும். மீட்டர் கம்பியின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கத்து முனையில் தட்டினால் ஒயர் அங்கேயே எரியும். முழு சார்ஜில் குழுக்களுக்கு இடையே 0.03 வோல்ட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல பேக். 0.1-ஐத் தாண்டினால் சமன் கெட்டுவிட்டது. பல்புச் சுமையில் ஒரு குழு மட்டும் மற்றவற்றைவிட 0.3 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தால் அந்தக் குழுவில் செல் செத்திருக்கிறது அல்லது வெல்டு விட்டிருக்கிறது. குலுங்கும் வண்டியில் வெல்டு விடுவது ஒன்றும் அதிசயமில்லை.

சின்னப் பழுதுகள்

உள்தடை நன்றாக இருந்து, பிளேடு கருகியிருந்தால் தொட்டியையும் பேட்டரி முனையையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கருகிய பழையது புதியதையும் கெடுத்துவிடும். மாற்றிய பின் பேக்குக்கு அடியில் மெல்லிய ரப்பர் தாள் வைத்து ஆட்டத்தை நிறுத்துங்கள்.

பத்து குழுவும் சமமாக, நல்ல வோல்ட்டில் இருக்கின்றன, ஆனால் வெளியே வரும் முனையில் பூஜ்யம் என்றால் பிஎம்எஸ் மட்டும் போயிருக்கிறது. மொத்தச் சிகிச்சைகளிலும் செலவுக்கு அதிகப் பலன் தருவது இந்த ஒன்றுதான். கடையில் கேட்டால் உள்ளங்கையளவு பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்பார்கள். ஒன்றல்ல. 10எஸ் லித்தியம் அயனுக்கானதா, மின்னோட்டத் திறன் கன்ட்ரோலர் எல்லையைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கிறதா, சார்ஜும் மோட்டாரும் ஒரே முனையில் வருவதா தனித்தனியா, சூடறியும் தெர்மிஸ்டர் உண்டா: இந்த நான்கும் பழைய பலகையோடு பொருந்த வேண்டும். இணைக்கும் வரிசையும் முக்கியம். முதலில் பேக்கின் மைனஸ். அடுத்து, செருகாத நிலையிலேயே மெல்லிய ஒயர்களின் வோல்ட் 3.6, 7.2, 10.8 என்று படிப்படியாக ஏறுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிளக்கைச் செருகுவது அதற்குப் பிறகே. வரிசை மாறிய ஒரு ஒயர் போதும், புதுப் பலகை செருகிய நொடியிலேயே புகையும்.

ஒரே ஒரு குழு 0.1 முதல் 0.3 வோல்ட் பின்தங்கியிருந்து, சுமையில் மற்றவற்றோடு சமமாகவே தாழ்கிறது என்றால் அந்தக் குழுவை மட்டும் தனியே ஏற்றிப் பார்க்கலாம். 4.1 வோல்ட், அரை ஆம்பியர் எல்லை வைத்த பெஞ்ச் சப்ளை (வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைக்கக்கூடிய மின்கருவி) வேண்டும். பிஎம்எஸ் பலகை சமன் செய்யும் மின்னோட்டம் பெரும்பாலும் பத்துக்கணக்கான மில்லி ஆம்பியர்தான். அதை நம்பி விட்டால் நாள்கணக்கில் ஆகும். ஏற்றிய பின் ஒரு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். அதே குழு மறுபடி பின்தங்கியிருந்தால் உள்ளே கசிவு, மேலும் செலவழிப்பதில் அர்த்தமில்லை. 2 வோல்ட்டுக்குக் கீழே நாள்கணக்கில் கிடந்த குழுவை எக்காரணத்துக்காகவும் உயிர்ப்பிக்காதீர்கள். அந்த ஆழத்தில் செல்லுக்குள் இருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தத் தாமிரம் வேறிடத்தில் படிந்து உட்பக்கமே ஷார்ட் ஆகும்.

இங்கே ஒரு விஷப்பரீட்சையையும் சொல்லியாக வேண்டும். செத்த குழுவின் நான்கு செல்லை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்கள் உண்டு. மலிவுதான். ஆனால் புது நான்கும் பழைய முப்பத்தாறும் ஒரே கொள்ளளவோடு இருக்காது. ஒவ்வொரு சார்ஜிலும் பழையவை முந்தி நிறையும், ஒவ்வொரு ஏற்றத்திலும் முந்தி வடியும். பிஎம்எஸ் அந்தப் பலவீனமான குழுவைப் பார்த்தே வெட்டும், எனவே தூரம் கூடவே கூடாது. சில மாதத்தில் அடுத்த குழு விழும். முடிந்த பேட்டரிக்கு இரண்டு முறை பணம் கட்டும் வேலை இது.

முழு செல் மாற்றம்

பழைய பெட்டி, பழைய தொட்டி, உள்ளே நாற்பதும் புது செல், புது பிஎம்எஸ். மோட்டாரும் பேட்டரியும் தங்களுக்குள் தகவல் பேசிக்கொள்ளாத சாதாரண ஹப் மோட்டார் வண்டிக்கு, செய்பவர் கை சுத்தமாக இருந்தால், இதுவே பெரும்பாலோருக்குப் பொருத்தமான தேர்வு. தூரமும் கூடும். கம்பெனி 2,500 மில்லி ஆம்பியர்-அவர் செல் போட்ட அதே நாற்பது இடத்தில் சாம்சங் 35இ, எல்ஜி எம்ஜே1 போன்ற 3,500 மில்லி ஆம்பியர்-அவர் செல்களைப் போட்டால் 10 ஆம்பியர்-அவர் 14 ஆகிறது, 360 வாட்-அவர் 504 ஆகிறது.

நந்திக்கு அது என்ன அர்த்தம்? வண்டியும் ஆளும் சேர்ந்து நூறு கிலோ என்றால் ஐந்நூறு மீட்டர் உயரம் ஏற சுமார் 136 வாட்-அவர் வேண்டும். மோட்டாரின் இழப்பையும் சேர்த்து, கால் உதவி இல்லாமல் ஏறினால் 180. பழைய பேக்கின் பாதி அந்த ஒரு ஏற்றத்துக்கே போய்விடும், புதியதில் மூன்றில் ஒரு பங்கு. ஊருக்குள்ளிருந்தே ஓட்டிப்போய்த் திரும்புபவருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அவருக்கு இந்த வித்தியாசம் பெரிது. காரில் ஏற்றிக்கொண்டு அடிவாரத்தில் இறங்குபவருக்கு அப்படியொன்றும் பெரிதில்லை.

எல்லாமே செய்பவர் கையில்தான். சிவாஜிநகரிலோ எஸ்பி ரோட்டிலோ பேக் கட்டித் தருபவரிடம் தயங்காமல் கேளுங்கள்: "அண்ணா, செல் எந்த கம்பெனி? மூடுறதுக்கு முன்னாடி கூப்பிடுவீங்களா, நான் வந்து பாக்கணும்." கூப்பிட மாட்டேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். போய்ப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. செல்லின் எடை 45 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும். கையில் எடுத்தால் இலேசாக இருப்பது போலி. 18650 அளவில் 5,000, 9,900 என்று அச்சிட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், பொய். செல்லை இணைக்கும் பட்டை ஸ்பாட் வெல்டு செய்திருக்க வேண்டும். சால்டரிங் இரும்பால் நேரே செல்லின் முனையில் ஈயம் வைத்திருந்தால் அந்தச் சூடு உள்ளே இருக்கும் சீல் அடைப்பைக் கெடுத்திருக்கும். ஒவ்வொரு செல்லின் பிளஸ் முனையிலும் காகித வளையம் ஒட்டியிருக்க வேண்டும். குலுக்கலில் பட்டை செல்லின் உடலில் உரசி ஷார்ட் ஆகாமல் காப்பது அந்த வளையம். செல்களைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் நிறுத்தினார்களா, வெறும் பசையில் ஒட்டினார்களா என்றும் பாருங்கள். மலைப்பாதை வண்டிக்கு ஹோல்டர் கட்டாயம்.

பட்டை தூய நிக்கலா, நிக்கல் பூசிய எஃகா? காந்தத்தில் தெரியாது, இரண்டும் ஒட்டும். ஒரு துண்டு வாங்கிவந்து, பிளேடால் கீறி, உப்புத் தண்ணீரில் ஓரிரு நாள் போட்டுவையுங்கள். கீறிய இடம் துருப்பிடித்தால் எஃகு. எஃகின் தடை நிக்கலைவிட அதிகம், மழை ஈரத்தில் உள்ளேயே துருவும் பிடிக்கும்.

வேலை முடிந்த பேக்கை வாங்கும்போது முழு சார்ஜிலிருந்து வடித்துப் பார்த்த கணக்கைக் கேளுங்கள். அவரிடம் இல்லையென்றால் உங்கள் ஆறு பல்பு இருக்கிறதே.

செல் மாற்றுபவர்களில் சிலர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்) போடச் சொல்வார்கள். பாதுகாப்பானது, நீண்ட நாள் உழைப்பது, எல்லாம் உண்மைதான். ஆனால் அதே பெட்டியில் அடங்காது. எல்எஃப்பியில் பன்னிரண்டு செல் தொடராக வேண்டும், முழு சார்ஜ் 43.8 வோல்ட், சார்ஜரும் வேறு. பரவலாகக் கிடைக்கும் 32700 செல் பன்னிரண்டும் சேர்ந்து சுமார் 230 வாட்-அவர்தான் தரும். பிரேமுக்குள் நுழையும் பேட்டரிக்கு இந்த யோசனையை விட்டுவிடலாம்.

இன்னொரு ஆசையும் காட்டுவார்கள்: "48 வோல்ட் ஆக்கிட்டா சும்மா பறக்கும்." 36 வோல்ட் கன்ட்ரோலர் சிலவற்றில் கெப்பாசிட்டர் 50 வோல்ட்டுக்கானது; 54.6 வோல்ட் வந்தால் வெடிக்கலாம். கன்ட்ரோலரையும் மாற்றி 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர் என்ற வரம்பைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிளே இல்லை. பதிவு எண், லைசென்ஸ், காப்பீடு எல்லாம் வேண்டிய மோட்டார் வாகனம்.

கம்பெனி பேட்டரி

பாஷ், ஷிமானோ போன்ற மிட்-டிரைவ் (மோட்டார் பெடல் அச்சில் இருக்கும்) வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தேர்வே கிடையாது. பேட்டரி தன்னை அடையாளம் காட்டினால்தான் மோட்டார் ஏற்கும். செல் மாற்றப் பெட்டியைத் திறந்தால் பலகை பூட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. அவர்கள் கம்பெனி பேக்தான் வாங்க வேண்டும். தகவல் ஒயர் உள்ள சில பாஃபாங் வண்டிகளும் இந்த ரகம்தான். பேட்டரி முனையில் இரண்டு தடித்த பிளேடுகளைத் தவிர மெல்லிய ஊசிகளும் இருந்தால் செல் மாற்றத்துக்கு முன் விசாரியுங்கள்.

சாதாரண ஹப் மோட்டார்க்காரர்களுக்கும் கம்பெனி பேக்கில் நிச்சயமான நன்மை ஒன்று உண்டு: எழுத்தில் உத்தரவாதம். அடுக்குமாடியில், குழந்தைகள் தூங்கும் வீட்டுக்குள் சார்ஜ் போடுபவருக்கு அது சின்ன விஷயமில்லை. செல் மாற்றுபவரின் கைத்திறனைச் சரிபார்க்க உங்களால் முடியாது, அல்லது அதற்கு மனமில்லை என்றால் கூடுதல் பணத்தைக் கொடுத்து இதையே வாங்குவதுதான் நியாயம்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்க்காமல் வராதீர்கள். உங்கள் மாடல் நின்றுபோய் இரண்டு வருடம் ஆகியிருந்தால், கிடங்கில் இரண்டு வருடம் கிடந்த பேக் கையில் வரலாம். கடையிலேயே மீட்டர் வைத்து அளங்கள். 36-37 வோல்ட் இருந்தால் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். 33-க்குக் கீழே இருந்தால் வேறு கேளுங்கள். முழு சார்ஜில் 42 காட்டுகிறதா என்று பார்த்து உத்தரவாத அட்டையில் தேதியும் வரிசை எண்ணும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலையை ஒப்பிட ஒரே அளவுகோல் வாட்-அவருக்கு எத்தனை ரூபாய் என்பது. எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே: 360 வாட்-அவர் கம்பெனி பேக் 20,000 என்றால் வாட்-அவருக்கு 56 ரூபாய், 504 வாட்-அவராகச் செல் மாற்ற 15,000 என்றால் 30 ரூபாய். வித்தியாசம் இந்த அளவு இருந்தால் செல் மாற்றம் ஜெயிக்கிறது. இருவர் விலையும் 45, 50 என்று நெருங்கி வந்தால் உத்தரவாதம் உள்ளதை எடுங்கள். வாட்-அவர் சொல்லாமல் வெறும் "36 வோல்ட் பேட்டரி" என்று விலை சொல்பவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

தனிப் பையில் வைத்து பிரேமில் கட்டும் பொது பேக்குகளும் விற்கின்றன. பின் சஸ்பென்ஷன் இல்லாத, முக்கோணத்தில் இடம் இருக்கும் வண்டிக்கு, அதுவும் பெரும்பாலும் ரோட்டில் ஓடுவதற்கு, சரி. காட்டுப் பாதைக்கு வேண்டாம். பை ஆடும், ஒயர் இழுபடும், கனெக்டர் சூடாகும். பழைய பேட்டரியோடு இதைப் பக்கவாட்டில் இணைத்து இரட்டைப் பேட்டரி ஓட்டும் யோசனையும் வேண்டாம். வோல்ட் வேறுபட்ட இரண்டு பேக்கை நேரே இணைத்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கட்டுப்பாடில்லாமல் மின்சாரம் பாயும்.

கொள்ளளவு பாதிக்கும் கீழே போய், கன்ட்ரோலரும் போய், மாடலும் நின்றுபோன வண்டி என்றால் ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்றிச் சாதாரணப் பின்சக்கரம் போட்டுக்கொள்வதும் ஒரு தீர்வுதான். மோட்டாரும் பேட்டரியும் போனால் சில கிலோ எடை குறையும். நல்ல பிரேம், நல்ல போர்க் இருந்தால் அது இன்னும் பல வருடம் ஓடும் மலை சைக்கிள்.

புது பேக் வந்த பிறகு

பெங்களூரின் வெயில் லித்தியத்துக்கு இதமானது. டெல்லியோடு ஒப்பிட்டால் பாக்கியம். இங்கே இரண்டே வருடத்தில் போகும் பேக்குக்குக் காரணம் பெரும்பாலும் வைத்திருக்கும் விதம். நூறு சதவீதம் ஏற்றி அடுத்த ஞாயிறு வரை அப்படியே வைப்பது ஒன்று. வடிந்த பேக்கை மழைக்காலம் முழுக்க மூலையில் போட்டுவிடுவது இன்னொன்று. பிஎம்எஸ் பலகைக்கும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அது சொட்டுச் சொட்டாக இழுத்தே பலவீனமான குழுவைக் கொன்றுவிடும். ஓட்டாத மாதங்களில் 37-38 வோல்ட்டில் வையுங்கள், மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். ஓட்டும் முந்தைய இரவு நிறையுங்கள். ஏற்றம் முடித்து வந்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள், அரை மணி ஆறட்டும். எப்போதும் 80 சதவீதத்தில் நிறுத்துபவர்கள் மாதம் ஒரு முறையாவது முழுதாக ஏற்ற வேண்டும். பல பலகைகள் உச்சத்துக்குப் பக்கத்தில்தான் குழுக்களைச் சமன் செய்யும்.

சேற்றில் ஓட்டி வந்த வண்டியை வாட்டர் சர்வீஸில் ஜெட் வைத்துக் கழுவ விடாதீர்கள். பேட்டரியைக் கழற்றி, தொட்டியை மூடி, ஈரத்துணியால் துடையுங்கள். பிளேடில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிசாகப் பூசினால் செப்டம்பர், அக்டோபர் மழையைத் தாங்கும்.

சார்ஜ் போடும் இடம் வீட்டு வாசலை ஒட்டி இருக்கக் கூடாது. தீப்பிடித்தால் நீங்கள் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். தூங்கும் நேரத்தில் சார்ஜ் வேண்டாம். பேக் வீங்கியோ, புளிப்பு வாடை வந்தோ, சார்ஜில் இல்லாதபோதே சூடாகவோ இருந்தால் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய் தனியே வைத்துவிடுங்கள். புகை வந்துவிட்டால் தொடவே தொடாதீர்கள். எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, 101 அல்லது 112-ஐ அழையுங்கள். வீட்டில் வைத்திருக்கும் பொடி அணைப்பான் மேலே தெரியும் சுவாலையை அடக்கும், செல்லுக்குள் நடக்கும் எரிதலை நிறுத்தாது. அதைக் குளிர்விக்க ஏராளமான தண்ணீர் வேண்டும்.

பழைய பேக் காயலான் கடைக்குப் போகக் கூடாது. அங்கே சுத்தியலால் பிளக்கும்போது மிச்சமிருக்கும் சார்ஜே தீயாகும். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புது பேக் வாங்கும் டீலரிடமே கேளுங்கள். செல் மாற்றுபவரிடம் கொடுத்தால், வெளியே எடுத்த நாற்பது செல்லும் எங்கே போகிறது என்று கேட்டுவிடுங்கள். நல்ல செல் நாலைந்தைப் பொறுக்கி அடுத்தவர் பேக்கில் போடுவது நடக்கிறது. எதுவானாலும் கொடுப்பதற்கு முன் பேக்கின் முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, அட்டைப் பெட்டியில் ஆடாமல் அடைத்துக் கொடுங்கள்.